உதிரிப்பாகம் வாங்குமுன் வயரைப் பார்க்க வேண்டும்

நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் கமக்காரருக்குப் படகு மோட்டாரின் வயர்களைப்பற்றி எடுத்துரைப்பது எதற்காக என்ற ஐயம் எழுதல் இயல்பே. அந்த ஐயத்துக்கு விடை கொழும்பின் கடற்கரையிலேயே கிடைக்கின்றது. வெள்ளவத்தையில் கால்வாய் கடலோடு கலக்கும் பகுதியிலும், கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்திலும் தொழில் செய்யும் சிறு படகுகளின் பின்புறத்தே வெளியிணைப்பு மோட்டார் மாட்டப்படுகின்றது. அதுவும், வயற்கரையில் நீரிறைக்கும் பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய் இயந்திரமும், முதுகிற் சுமந்து மருந்து தெளிக்கும் விசைத் தெளிகருவியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றும் தீப்பொறியினால் இயங்குவன. மூன்றிலும் அத்தீப்பொறி பிறக்கும் முறை ஒன்றே. அது பிறவாமற் போவதற்கான காரணங்களும் பெரும்பாலும் ஒன்றே.

வேறுபாடு ஒன்றுண்டு. உப்புக்காற்றும், தெறிக்கும் நீரும், ஓயாத அதிர்வும் படகு மோட்டாரின் வயர்களை விரைவில் அரித்துவிடுகின்றன. வயலிற் பல ஆண்டுகள் கழித்துத் தோன்றும் பழுது கடலிற் சில மாதங்களிலேயே தோன்றுகின்றது. ஆதலாற் படகுக்காரர் அதனை அடிக்கடி கண்டு பழகியிருக்கின்றனர். கமக்காரரோ எப்போதாவது ஒருமுறை காண்கின்றனர். எப்போதாவது காண்பதனாலேயே அதற்கு அதிகமாகச் செலவிடுகின்றனர்.

அச்செலவு எவ்வாறு ஏற்படுகின்றது என்பதைக் கவனித்தல் தகும். சிறுபோகத்தில் வாய்க்கால் வற்றிய வேளை பம்ப் இயங்க மறுக்கின்றது. முதல் நாள் புதிய பிளக் ஒன்று வாங்கப்படுகின்றது. பயனில்லை. அடுத்த நாள் கொயில் மாற்றப்படுகின்றது. அதன்பின் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஒருவர் பஸ் ஏறிச் சென்று வேறொரு பெட்டியை வாங்கி வருகின்றார். நான்காம் நாள், பழுதுபார்ப்பவர் ஒருவர் சட்டத்தோடு உராய்ந்து தோல் கிழிந்த ஒரு வயரைக் கண்டு, துண்டு ரப்பர்க் குழாயைச் சுற்றிவிட, இயந்திரம் முதல் இழுப்பிலேயே இயங்குகின்றது. வாங்கிய பாகங்களைக் கடைக்காரர் திரும்ப ஏற்றுக்கொள்வதில்லை; மின்சாரப் பாகங்களை ஒருமுறை பொருத்தியபின் திருப்பி எடுக்கும் வழக்கம் எங்கும் அரிது. காசு போனதிலும் பெரிய நட்டம் அந்த நான்கு நாட்களாகும். பூக்கும் பருவத்து மிளகாய்ச் செடியும், கதிர் வெளிவரும் பருவத்து நெல்லும் நான்கு நாள் நீரின்றிப் பட்ட வாட்டத்தைப் பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினும் முழுதாக ஈடுசெய்வதில்லை.

இத்துண்டுப் பிரசுரத்தின் துணிபு இதுவே: தீப்பொறி இயந்திரம் மின்சாரக் காரணத்தால் நின்றதெனத் தோன்றினால், வயர், இணைப்பு, சுவிச், எர்த் என்னும் நான்கையும் சோதித்து முடிக்கும்வரை எந்தப் பாகத்தையும் வாங்கலாகாது. பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது பழுது கண்டறியும் முறையன்று, அது சூதாட்டம். இதிற் பழுதுபார்ப்போரை மட்டும் குறைகூறுவதும் பொருந்தாது. பொழுது சாயுமுன் இயந்திரம் வேண்டும் என்று உரிமையாளர் அவசரப்படுத்தும்போது, சோதனைக்குச் செலவாகும் ஒரு மணி நேரத்துக்குக் கூலி கொடுக்க எவரும் விரும்புவதில்லை. புதிய பாகத்துக்குக் கொடுக்கும் காசு மட்டும் கண்ணுக்குத் தெரிகின்றது.

தீப்பொறி பிறக்கும் வகையைச் சுருக்கமாக அறிந்துகொள்ளல் நலம். காந்தம் ஒன்று கம்பிச் சுருளுக்கு அருகே அசையுமாயின் அச்சுருளில் மின்னோட்டம் உண்டாகும் என்பதை 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே கண்டறிந்தார். கயிற்றை இழுக்கும்போது சுழலும் கனத்த சில்லிலே காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை அடுத்துக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. உயர் மின்னழுத்தம் தரும் மக்னெற்றோவை ஜெர்மனியின் போஷ் நிறுவனத்தார் 1902ஆம் ஆண்டில் உருவாக்கினர். 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் ஓலே எவின்ரூட் என்பவர் தம் வெளியிணைப்பு மோட்டாரை உருவாக்கினார். அன்று பொயின்ற், கண்டென்சர் என்பன செய்த வேலையை இன்று பிசின் நிரப்பி மூடிய மின்னணுப் பெட்டி செய்கின்றது. ஆயினும் சில்லு, காந்தம், சுருள், வயர், பிளக் என்ற வரிசை மாறவில்லை.

இனிப் பழுதுகளுள் முதன்மையானது. வீட்டு விளக்கை அணைக்கும்போது சுவிச் மின்னோட்டத்தைத் துண்டிக்கின்றது. ஆனால் மக்னெற்றோ வகை இயந்திரத்தை நிறுத்தும் சுவிச் அவ்வாறு செய்வதில்லை. அது தீப்பொறிக்கான மின்சாரத்தை ஒரு மெல்லிய வயரின் வழியே இயந்திரத்தின் உடலோடு சேர்த்துவிடுகின்றது. அம்மின்சாரம் பிளக்கை அடையாமலே எர்த்தாகி அடங்கிவிட, இயந்திரம் நிற்கின்றது. இதனை விளங்கிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்ததாகும். ஏனெனில் அந்த நிறுத்தும் வயரின் மேற்றோல் எங்கேனும் தேய்ந்து செம்பு உலோகத்தைத் தொடுமாயின், சுவிச்சை எவரோ ஓயாது அழுத்திக்கொண்டிருப்பது போன்ற நிலைமையே ஏற்படும். பிளக் புதிது, கொயில் புதிது, பெட்டி புதிது. தீப்பொறி மட்டும் இல்லை. சுவிச்சினுள் உப்போ சேறோ புகுந்து ஈரம் தங்கினாலும் விளைவு இதுவே.

ஆகவே தீப்பொறி இல்லையெனில் முதற் சோதனை, அந்த நிறுத்தும் வயரை அதன் இணைப்பிலிருந்து கழற்றிவிட்டுப் பார்ப்பதாகும். வயர் கழன்ற நிலையிற் பொறி தோன்றினால் குற்றம் சுவிச்சிலோ அதற்குச் செல்லும் வயரிலோ உள்ளது; கொயிலும் பெட்டியும் நன்றாகவே இருக்கின்றன. அப்போதும் பொறி தோன்றாவிடின் மட்டுமே மேலே செல்லவேண்டும். ஒரு குறடும் ஐந்து நிமிடங்களும் போதுமான இச்சோதனையைச் செய்யாது விட்டதனால் வீணே வாங்கப்பட்ட கொயில்கள் பல. வயர் கழற்றிய நிலையில் இயந்திரம் ஓடத் தொடங்கினால் சுவிச்சினால் அதனை நிறுத்த இயலாது என்பதை மறக்கலாகாது. சோக்கை மூடியோ எண்ணெய்க் குழாயை அடைத்தோ நிறுத்த வேண்டும். சோதனை முடிந்ததும் வயரைத் திரும்பப் பொருத்தாது ஓட்டுவது பெருந்தவறு; படகில் அது உயிருக்கே ஆபத்தாகும்.

படகிலே ஓட்டுபவரின் கையோடு பிணைக்கும் கயிறும், அதன் நுனியில் ஒரு கவ்வியும் உண்டு. அவர் நீரில் விழுந்தால் கவ்வி கழன்று மோட்டார் நின்றுவிடும். அக்கவ்வி இடத்தில் இல்லாமல் கயிற்றை நூறு முறை இழுத்தாலும் பொறி வராது. நீரிறைக்கும் இயந்திரத்தில் அதற்கு ஒப்பான ஒன்று, வெளியே தெரியாமல், அடிப்பாகத்தில் இருக்கின்றது. நான்கடி வகை இயந்திரங்கள் பலவற்றில் எஞ்சின் எண்ணெய் குறைந்தவுடன் தீப்பொறியைத் தானே எர்த்தாக்கி நிறுத்தும் உணர்கருவி பொருத்தப்பட்டுள்ளது. எண்ணெய் சற்றுக் குறைவாயிருந்து, இயந்திரத்தை வரப்பிற் சரிவாக வைத்தாலும் அது நிறுத்திவிடும். இதனை அறியாதவர் மின்சாரப் பழுதென்று எண்ணிக் கொயிலைக் கழற்றத் தொடங்குவர். சமதரையில் வைத்து, எண்ணெயின் மட்டத்தைப் பார்த்து நிரப்பியபின் இழுப்பதே இங்குச் செய்யத்தக்கது.

பொறியைச் சோதிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியை மாட்டி, பிளக்கின் உலோகப் பகுதி இயந்திரத்தின் தலையை நன்கு தொடும்படி வைத்து, நிழலிலே கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். நீலநிறமாய் உறைப்பாகப் பாயும் பொறி நல்லது. மஞ்சளாய் மெலிந்து தோன்றுவது போதாது. பிளக்கின் இடைவெளி பல சிறு பம்ப் இயந்திரங்களுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் ஆகும். பிளக் எதனையும் தொடாதிருக்கையிற் சில்லைச் சுழற்றினால், வெளியேற வழியில்லாத உயரழுத்தம் மின்னணுப் பெட்டியையே கெடுக்கக்கூடும். பிளக்கைக் கழற்றிய துளையிலிருந்து பெற்றோல் ஆவி வெளிவரும்; பொறியை அதற்கு அருகே காட்டலாகாது. சிந்திய எண்ணெயை முன்னதாகவே துடைத்துவிட வேண்டும். வெறுங்கையாற் பிடிப்பதும் கூடாது, உலர்ந்த பிடியுள்ள குறடே பாதுகாப்பு.

பற்றறியால் இயக்கப்படும் பெரிய மோட்டார்களில் முறைப்பாடு வேறு. பொத்தானை அழுத்தினால் ஒரு சொடுக்கு மட்டும் கேட்கும்; மோட்டார் சுழலாது. பற்றறி செத்துவிட்டது என்ற தீர்ப்பு உடனே வழங்கப்படும். தீர்ப்புக்கு முன் விசாரணை தேவை. நன்கு ஏற்றம் பெற்று ஓய்விலிருக்கும் 12 வோல்ற் பற்றறி மின்மானியில் ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். 12 வோல்ற் அளவிற்கு இறங்கியிருப்பின் அதில் ஏற்றம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. முதலில் ஏற்றிப் பார்க்க வேண்டும், புதியது வாங்கக் கூடாது. 12.6 காட்டியும் மோட்டார் சுழலாவிடின் ஐயம் வயரின்மீதே விழ வேண்டும்.

அங்கே எர்த் இணைப்பு பெரும்பாலும் குற்றவாளியாக இருக்கும். பற்றறியின் எதிர்முனையிலிருந்து இயந்திரத்தின் உடலுக்குச் செல்லும் தடித்த வயரின் அடியிற் பெயின்ற் பூச்சோ துருவோ பச்சைக் களிம்போ படிந்திருந்தால், வெளியே அது இறுக்கமாகத் தோன்றினாலும் உள்ளே மின்னோட்டம் தடைப்படும். இதனைக் கண்ணால் அறிய இயலாது, மின்மானியால் அறியலாம். மானியின் ஒரு முனையைப் பற்றறியின் எதிர்முனையிலும் மற்றதை இயந்திரத்தின் வெறும் உலோகத்திலும் வைத்து, மற்றொருவரைப் பொத்தானை அழுத்தச் செய்ய வேண்டும். முள் அசையாதிருத்தல் நன்று. அரை வோல்ற்றுக்கு மேற் காட்டினால் அந்த வழியிலே மின்சாரம் வீணாகின்றது. நேர்முனைப் பக்கத்து வயரையும் இவ்வாறே பார்க்கலாம். குறை கண்ட இடத்தை வெறும் உலோகம் தெரியும்வரை அரத்தாளாற் தேய்த்து, இறுக்கி, இறுக்கிய பின்னரே வாசலீன் பூச வேண்டும். கையால் முடுக்கும் சிறகு வடிவ நட்டு அதிர்வில் தளரும். சாவியால் முடுக்கும் நட்டே ஏற்றது. கியர் நடுநிலையில் இல்லாவிடிற் சுழலவிடாத காப்புச் சுவிச் ஒன்றும் இம்மோட்டார்களில் உண்டு. அதனைப் பாராது வேறெதனையும் கழற்றலாகாது.

கடற்கரையில் மற்றொரு தந்திரமான பழுதும் காணப்படும். வயரின் தோல் பளபளப்பாயிருக்கும். உள்ளே செம்பிழைகள் பச்சையாகிப் பொடிந்திருக்கும். நுனியில் நுழைந்த உப்புநீர் இழைகளின் ஊடே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறிச் செல்வதால் இது விளைகின்றது. உரமும் கிருமிநாசினியும் சிதறும் இடத்தில் வைக்கப்படும் பம்பிலும் இப்படியே நேர்வதுண்டு. வயரை விரல்களால் மெல்ல வளைத்துப் பார்க்கையில் ஓரிடம் மட்டும் நொய்தாய் மடங்குமாயின் அங்கே வெட்டி, பளிச்சென்ற செம்பு தோன்றும்வரை பின்னோக்கிச் செல்ல வேண்டும். இரு நுனிகளையும் முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றுவது பழுது நீக்கமன்று; ரேப்பின் அடியில் ஈரம் தங்கி அரிப்பை விரைவாக்கும். ஈயம் பூசிய செம்பிழை வயரும், நெரித்துப் பொருத்தும் காதும், சூடுகாட்டிச் சுருக்கும் குழாயும் சற்று விலை கூடியவையே. ஆனால் அவ்விலை ஒரு கொயிலின் விலைக்கு அருகிலும் வராது.

பியூஸ் எரிந்தால் ஒருமுறை புதியது இடலாம். இரண்டாம் முறையும் எரிந்தால் அது எங்கோ வயர் உடலைத் தொடுகின்றது என்னும் அறிவித்தல். சிகரற் பெட்டியின் ஈயத்தாளையோ தடித்த செம்புக் கம்பியையோ அவ்விடத்திற் சுற்றி வைப்பவர், தம் வயர்க் கட்டு முழுவதையும் பியூஸாக மாற்றுகின்றார். பற்றறியின் முனைகளை மாற்றி மாட்டுவதும் அத்தகையதே. கண்ணிமைக்கும் நேரத்தில் ஏற்றம் செய்யும் பகுதி கருகிவிடும்.

வயரின் நிறங்களைப்பற்றியும் ஒரு சொல். இலங்கையின் பழைய வீட்டு இணைப்புகளிற் சிவப்பு உயிருள்ள வயர், கறுப்பு நடுநிலை, பச்சை எர்த். படகு மோட்டார்களிலோ கறுப்பு பெரும்பாலும் எர்த் ஆகும். நிறுத்தும் வயரின் நிறம் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடும். வீட்டு மின்சாரத்திற் தேர்ந்தவரும் இங்கு நிறத்தை நம்பித் தவறிழைக்கலாம். கழற்றுமுன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பது இக்காலத்தில் எல்லோர்க்கும் இயலும். பழைய தலைமுறைக்குக் கிட்டாத வசதி அது.

இவையெல்லாம் கமக்காரரின் அறிவுக்கு எட்டாதவை என்று சிலர் வாதிப்பர். அவ்வாதம் இந்நாட்டின் வரலாற்றுக்கு முரணானது. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடுக்கப்பட்டிருந்த காலத்தில், அங்குள்ள தோட்டக்காரர் சிறிதளவு பெற்றோலால் இயந்திரத்தைத் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓடச்செய்து வெங்காயமும் புகையிலையும் விளைவித்தனர். மண்ணெண்ணெயிற் பிளக் விரைவிற் கரிபிடிக்கும். அதனைக் கழற்றித் துப்புரவாக்கிப் பூட்டுவது அன்றாட வேலையாயிற்று. தேவை வந்தபோது கற்றனர். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை எவரும் மறந்திரார். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. நலிந்த பொறியால் எரியாது புகைபோக்கி வழியே வெளியேறும் ஒவ்வொரு துளிக்கும் இன்று விலையுண்டு.

எனினும் எல்லை ஒன்றை வகுத்தல் அவசியம். 230 வோல்ற் மின்சாரத்தில் இயங்கும் கிணற்று மோட்டாருக்கு மேற்கூறியவற்றுள் எதுவும் பொருந்தாது. ஈரத்தரையில் நின்று அதனைத் திறப்பவர் உயிரோடு விளையாடுகின்றார். தகுதிபெற்ற மின்தொழிலாளரே அதனைத் தொட வேண்டும். கணினிக் கட்டுப்பாட்டோடு எரிபொருளைப் பீச்சும் புதுவகைப் படகு மோட்டார்களிலும் பற்றறி, எர்த், பியூஸ் என்பவற்றைப் பார்த்தபின் நிறுத்திக்கொண்டு பட்டறைக்கு அனுப்புவதே முறை.

குறை கமக்காரரிடம் மட்டும் இல்லை. இயந்திரத்தோடு வரும் வயர் வரைபடம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அச்சிடப்பட்டு வருகின்றது. பலவேளை அதுவும் கடையிலேயே தங்கிவிடுகின்றது. தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்க வரைபடம் கொடாத விற்பனையாளரிடம் அதனைக் கேட்டுப் பெறுதல் வாங்குபவரின் உரிமை. கமக்காரர் அமைப்பு ஒவ்வொன்றும் ஒரு மின்மானி, ஒரு பிளக் சாவி, இடைவெளி அளக்கும் தகடு, நெரிக்கும் குறடு ஆகியவற்றைப் பொதுவில் வைத்து, அவற்றைக் கையாள இருவரைப் பழக்குமாயின் அச்செலவு ஒரே போகத்தில் மீளும். இருவர் என்றது ஒருவர் வெளியூர் சென்றால் மற்றவர் இருப்பதற்காக. பழக்குவதற்குக் கொழும்பிற் பட்டறைகளுக்குக் குறைவில்லை. முகத்துவாரத்துப் படகுக்காரரோடு ஒரு நாட்பொழுது இருந்தாலே பல பாடங்கள் கிடைக்கும்.

களனி கங்கைக் கரையில் கீரையும் நெல்லும் செய்வோருக்கு இது மேலும் ஒரு காரணத்தால் உரியது. 2016ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளத்தில் கொலன்னாவை, கடுவலைப் பகுதிகளிலே மக்களை மீட்கப் படகுகள் தேவைப்பட்டன. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்திலும் அந்நிலை மீண்டது. நீரில் மூழ்கிய பம்பை வெள்ளம் வடிந்த மறுகணமே இழுத்துப் பார்க்கும் ஆவலை அடக்க வேண்டும். முதலிற் சேற்றை நல்ல நீராற் கழுவி, பிளக்கைக் கழற்றி, கயிற்றை மெல்ல இழுத்து உள்ளிருக்கும் நீரை வெளியேற்றி, எஞ்சின் எண்ணெயை மாற்ற வேண்டும். பின்னர் வயர் இணைப்புகள் அனைத்தையும் பிரித்து நிழற்காற்றில் உலர்த்த வேண்டும். கடல்நீரில் மூழ்கிய மோட்டாரென்றால் அன்றைய தினமே இவ்வளவும் செய்யப்பட வேண்டும். காற்றுப் பட்டவுடன் அரிப்பு தொடங்கிவிடுகின்றது.

வெள்ளத்துக்கென்று பொதுவில் வைக்கப்பட்டிருக்கும் படகின் பற்றறி மாதக்கணக்காய்ப் பயன்படாது கிடந்து தானே வற்றிவிடும். அதனைக் கழற்றி உலர்ந்த இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை ஏற்றி, ஏற்றிய திகதியை அதன் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். கைக்கயிற்றால் தொடக்கும் வசதி மோட்டாரில் இருப்பின், அக்கயிறு மூடியின் உட்புறத்திலேயே கட்டப்பட்டிருத்தல் வேண்டும். நிறுத்தும் கயிற்றின் கவ்விக்கு மேலதிகமாக ஒன்றைப் படகிலேயே வைத்திருப்பதும் நன்று.